முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒரு பக்கக் கேள்வித்தாள்

புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் தேவைகளையும் எதிர்பார்ப்புகளையும் கேட்டறிய ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று முடிவானதும், அந்தப் பொறுப்பு வணிகவியல் துறையில் இருக்கும் என் தலையில் விழுந்தது. காரைக்குடி வட்டாரத்துக் கல்லூரிகளில் எங்களுடையதும் ஒன்று. தேவகோட்டை, கல்லல், புதுவயல், திருப்பத்தூர் என்று நாலு திசையிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள். பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப் போகிறவர்கள்.

படிவம் ஏற்கெனவே தயாராக இருந்தது, எங்கிருந்தோ கைமாறிக் கைமாறி வந்தது. 'நூலக வசதிகள் நிறைவாக இருக்கும் என எதிர்பார்க்கிறேன்' என்பது போன்ற வாக்கியங்கள். எதிரே 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி ஐந்து கட்டங்கள். 1932இல் ரென்சிஸ் லைக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்துக் கொடுத்த அளவுகோல் இது. அளவுகோலில் குறையில்லை. ஆனால் கல்லூரி வாசலை மிதித்துச் சில நாட்களே ஆன பிள்ளை, ஆசிரியர் நீட்டும் தாளில் 'உடன்படவில்லை' என்று குறிக்குமா? விடுதி மாணவியர் சிலரிடம் முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்தோம். எல்லாரும் மேலிருந்து கீழ்வரை முதல் கட்டத்தையே குறித்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து, "மேடம், இதில் எது சரியான விடை?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

கூகுள் படிவமாக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம் என்றார் ஒரு சக ஆசிரியர். சேர்க்கை விண்ணப்பங்களைப் புரட்டிப் பார்க்கச் சொன்னேன். பல மாணவியர் கொடுத்திருந்த எண் அப்பாவுடையது அல்லது அண்ணனுடையது. வகுப்புக் குழுவிலும் அந்த எண்தான். கழிப்பறையைப் பற்றி நாம் கேட்பதை முதலில் படிக்கப்போகிறவர் அண்ணன். ஆகவே காகிதம்தான், அதுவும் ஒரே பக்கம் என்று உறுதியாக நின்றேன்.

கேள்விகளை மாற்றினோம். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, நேற்று என்ன நடந்தது என்று கேட்டோம். வீட்டை விட்டுக் கிளம்பியது எத்தனை மணிக்கு? எத்தனை பஸ் மாறினீர்கள்? காலையில் சாப்பிட்டீர்களா? விண்ணப்பத்தை நிரப்பியது நீங்களா, பிரவுசிங் சென்டர்காரரா? பிளஸ் டூ வரை எந்த வழிக் கல்வி? கடைசியில் ஒரு கேள்விக்கு மட்டும் நாலு வரி இடம்: 'எது நடந்தால் நீங்கள் கல்லூரிக்கு வருவது நின்றுபோகும்?' இதை எழுதும்போது துறைத்தலைவருக்குச் சற்றுத் தயக்கம். அபசகுனமாக இருக்கிறதே என்றார். விட்டுக்கொடுக்கவில்லை.

பெயர் வேண்டாம் என்பதிலும் உறுதியாக இருந்தோம். ஆனால் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்குப் பிறகு அதே பிள்ளைகளிடம் மீண்டும் கேட்டு, இரண்டு தாள்களையும் இணைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஓர் அடையாளக் குறி தேவை. அம்மா பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி, ஊரின் முதலெழுத்து என்று யோசித்தோம். ஊர் எழுத்து உதவாது என்பது உடனே தெரிந்தது. வகுப்பில் பாதி 'கா', மீதியில் பாதி 'தே'. அதை விட்டுவிட்டுப் பள்ளிப் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்தோம். தாளைக் கொடுக்க ஆசிரியர்கள் போகவில்லை. இரண்டாமாண்டினர் போனால் ராகிங் பயம். வேறு துறை முதுகலை மாணவர்கள் போனார்கள். நிரப்பிய தாளை நூலக வாசலில் வைத்த அட்டைப்பெட்டியில் போடச் சொன்னோம்.

பெட்டியைத் திறந்ததும் நாங்கள் எதிர்பார்த்த ஸ்மார்ட் வகுப்பறையும் வைஃபையும் அதிகம் தென்படவில்லை. போனஃபைடு சான்றிதழை எந்த ஜன்னலில் கேட்பது, புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் 1000 ரூபாய் வரவேண்டிய வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று யாரிடம் கேட்பது, பாடம் நடத்தும்போது ஆங்கிலச் சொல்லைப் பலகையில் எழுதிக் காட்டுவார்களா, கழிப்பறைச் சாவி ஏன் அலுவலகத்தில் இருக்கிறது: இப்படித்தான் வந்தன. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று இயற்பியல் வகுப்பிலிருந்து ஒரு தாள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்து, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. தினமும் பஸ் ஜன்னலிலிருந்து மதில்சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு போகிற பிள்ளை கேட்கிறது. அந்த நிறுவனம் சேர்ந்திருக்கும் சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பின் நிறுவன நாள் செப்டம்பர் 26. அதையொட்டி ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். அதை அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட ஒரு சாக்பீஸ் போதும்.

பஸ் கேள்வி இன்னொன்றைக் காட்டியது. முதல் வகுப்புக்குத் தாமதமாக வரும் மாணவியரைச் சோம்பேறிகள் என்றுதான் ஆசிரியர் அறையில் பேசுவோம். 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில்தான். புறநகர்ப் பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். பஸ் பாஸ் கையில் வரும்வரை, எதிரே வந்து நிற்கிற புறநகர் வண்டியை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். பாஸ் விண்ணப்பங்களைச் சேர்க்கை நாளிலேயே வாங்கிவிட இப்போது ஏற்பாடு ஆகியிருக்கிறது.

இரண்டாவது தாளில் 'வராத நாளில் எங்கே இருந்தீர்கள்' என்ற கேள்வியைச் சேர்த்திருந்தோம். 'கல்யாண வீட்டில்' என்று பையன்கள் பலர் எழுதியிருந்தார்கள். விடுப்புக் கடிதங்களிலும் அதுதான் இருக்கும். சொந்தக்காரர் கல்யாணம் என்றே நினைத்திருந்தோம். நாலு வரி இடத்தில் உண்மை இருந்தது. சமையல் கான்ட்ராக்டரோடு பந்தி பரிமாறப் போகிறார்கள். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் காலைப் பலகாரம் முதல் இரவு விருந்துவரை இலை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் எத்தனை இருந்தாலும் போதாது. அந்தக் கூலி நின்றால் படிப்பு நின்றுபோகும் என்று ஒருவன் எழுதியிருந்தான்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசை கட்டும். எங்கள் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வும் அப்போதுதான். இந்த முறை தேர்வுக் குழுக் கூட்டத்துக்கு ஒரு தினசரிக் காலண்டரைக் கொண்டுபோனேன். மூத்த பேராசிரியர் ஒருவர், "இனிப் பட்டமளிப்பு விழாவுக்கும் ஐயரிடம் நாள் குறிக்கச் சொல்வீர்களோ?" என்றார். சிரித்தார்கள். இரண்டு முகூர்த்த நாட்களை அடித்துவிட்டுத் தேதி போட்டார்கள். மூன்றாவதை விட மறுத்துவிட்டார்கள். அன்றைக்குப் புள்ளியியல் தேர்வு.