எண்களுக்கு முன் எழுத்துகள்: விசை, இயக்கக் கணக்குகளை அணுகும் முறை

விசை, இயக்கம் தொடர்பான கணக்குகளில், எந்த வாய்பாட்டைக் கையாள்வது என்ற தயக்கத்திலேயே தேர்வு நேரத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. நான் படித்த காலத்தில் கைக்கொண்ட வழக்கம் எளியது. வினாவைப் படித்தவுடன் தொடக்கத் திசைவேகம் யு, இறுதித் திசைவேகம் வி, முடுக்கம் ஏ, இடப்பெயர்ச்சி எஸ், காலம் டி ஆகிய ஐந்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, தெரிந்தவற்றுக்கு நேரே மதிப்பையும் காணவேண்டியதற்கு நேரே வினாக்குறியையும் இட்டுவிடுவேன். தரப்படாமலும் கேட்கப்படாமலும் எஞ்சி நிற்கும் ஒன்றுதான் வழிகாட்டி. அது இடம்பெறாத இயக்கச் சமன்பாடே நமக்குத் தேவையானது.

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 1,200 கிலோகிராம் நிறையுள்ள கார், பிரேக் போட்டபின் சீராக வேகம் குறைந்து 40 மீட்டரில் நிற்கிறது என்றால், அதை நிறுத்திய விசை எவ்வளவு? முதலில் வேகத்தை 3.6 ஆல் வகுத்து வினாடிக்கு 20 மீட்டர் என மாற்றிக்கொள்ள வேண்டும். வி சுழி, எஸ் 40. விசையைக் காண ஏ வேண்டும். டி பற்றிய பேச்சே இல்லை. ஆகவே வி² = யு² + 2 × ஏ × எஸ் என்ற சமன்பாடு தானாகவே முன்வருகிறது.

இந்த இடத்தில் எண்களைப் பிரதியிட அவசரப்படாமல், ஏ = −யு² ÷ (2 × எஸ்) என்று எழுத்துகளிலேயே சுருக்கிவிடுவது நல்லது. பிறகு பிரதியிட்டால் முடுக்கம் −5 மீ/வினாடி² என்றும், அதை நிறையால் பெருக்க விசையின் அளவு 6,000 நியூட்டன் என்றும் கிடைக்கும். எதிர்க்குறி, விசை இயக்கத்துக்கு எதிர்த்திசையில் செயல்படுவதையே குறிக்கிறது. எழுத்துவடிவில் வைத்திருப்பதால் இன்னொரு பயனும் உண்டு: அதே பிரேக் விசையில் வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகி 160 மீட்டராகும் என்பது, மறுபடி கணக்கிடாமலேயே புலப்படுகிறது. தேர்வாளர்கள் விரும்பிக் கேட்கும் துணைவினாவும் பெரும்பாலும் இதுதான்.

முடுக்கம் மாறாதிருக்கும்போது மட்டுமே இச்சமன்பாடுகள் பொருந்தும். விசை = நிறை × முடுக்கம் என்பதில் வரும் விசை, பொருளின் மீது செயல்படும் எல்லா விசைகளின் தொகுபயன் ஆகும். கிடைத்தளத்தில் உள்ள 10 கிலோகிராம் பெட்டியைக் கிடைத்திசையில் 50 நியூட்டன் விசையால் இழுக்கையில் உராய்வு 20 நியூட்டனாக இருந்தால், முடுக்கம் 5 அன்று. 3 மீ/வினாடி² தான். இதற்காகவே, கேட்காவிட்டாலும் விசைகளை அம்புக்குறிகளால் காட்டும் சிறு படம் ஒன்றை வரைந்துகொள்ளப் பரிந்துரைப்பேன்.