ரியல் அனாலிசிஸ் வகுப்பு: சில நாட்கள்

ஜனவரி 8, 2024

முதலாண்டு எம்.எஸ்ஸி. வகுப்பில் இன்று சீரான தொடர்ச்சி (uniform continuity): புள்ளிகள் எவ்வளவு நெருங்கினால் சார்பின் மதிப்புகளும் நெருங்கும் என்பதற்கு எல்லா இடத்துக்கும் ஒரே அளவு போதுமா என்பதுதான் விஷயம். 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணுக்கு அதன் தலைகீழியைத் தரும் சார்பு தொடர்ச்சியானது, ஆனால் சீரான தொடர்ச்சி உடையதல்ல. ஏன்?

முன்பெஞ்சுப் பையன் உடனே எழுந்தான். "1/2, 1/3, 1/4ன்னு எடுங்க சார். புள்ளிகள் நெருங்கிக்கிட்டே போகுது. சார்போட மதிப்பு 2, 3, 4. வித்தியாசம் எப்பவும் 1." படமே தேவைப்படவில்லை அவனுக்கு.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் சட்டென்று நோட்டை மூடினாள். வாங்கிப் பார்த்தேன். வளைகோட்டின் மேல் வரிசையாகப் பெட்டிகள். "உயரத்தை மாத்தாம இடப்பக்கம் தள்ளிக்கிட்டே போனேன் சார். அகலம் நூல் மாதிரி ஆயிடுது." உயரம் எப்சிலான், அதாவது மதிப்புகளுக்கு அனுமதிக்கும் வித்தியாசம்; அகலம் டெல்டா, அதாவது அதற்காகப் புள்ளிகளுக்கு இடையே விடும் தூரம். எல்லாம் அதில் இருக்கிறது. ஏன் மறைத்தாய் என்றேன். "படம் போட்டா மார்க் கிடையாதுன்னு யூ.ஜி.ல சொல்லிட்டாங்க சார்."

அந்தப் பதில் இரவுவரை மனதை விட்டுப் போகவில்லை.

ஜனவரி 9

கணிதர்கள் சிந்திக்கும் விதம் பற்றிப் பிரெஞ்சுக் கணிதர் புவான்காரே 1905-இல் எழுதியதை எடுத்துப் படித்தேன். ஜெர்மன் கணிதர் வயர்ஸ்ட்ராஸின் நூல்களைப் புரட்டினால் ஒரு படம்கூடக் கிடைக்காது. இன்னொரு ஜெர்மன் கணிதரான ரீமானோ வடிவியலைத் துணைக்கு அழைப்பவர் என்கிறார். ஓர் அளவை மிகமிகக் குறைவாக்கும், அந்த மீச்சிறு மதிப்பை எட்டும் சார்பு ஒன்று இருந்தே தீரும் என்ற டிரிக்லே கொள்கையை நம்பித்தான் ரீமான் தன் கோட்பாட்டைக் கட்டினார். எட்டாமலும் போகலாம் என்று 1870-இல் வயர்ஸ்ட்ராஸ் எதிர்க்காட்டு கொடுத்தார். ரீமான் அப்போது உயிருடன் இல்லை. 1900 வாக்கில் ஜெர்மன் கணிதர் ஹில்பர்ட், தகுந்த நிபந்தனைகளோடு அந்தக் கொள்கையை நிறுவிக் காட்டினார். ரீமான் கண்டது சரி. வயர்ஸ்ட்ராஸ் கேட்டதும் சரி. இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஜனவரி 11

சொன்னேன். பிறகு இருவரையும் இடம் மாற்றினேன்: அவன் படம் போட வேண்டும், அவள் நிறுவலை எழுத வேண்டும். பத்து நிமிடம் அவன் சாக்பீஸோடு அப்படியே நின்றான். அவள் பெட்டியைப் பார்த்துப் பார்த்து, "டெல்டா எவ்வளவு சிறியதானாலும்" என்று தொடங்கினாள். நடுவில் ஒரு இடத்தில் தடுமாற்றம். எந்த இரண்டு புள்ளிகள் என்று சொல்ல வரவில்லை. அவன்தான் பக்கத்தில் போய் 1/2, 1/3 என்று காட்டினான்.

எப்போதும் வாய் திறக்காத இன்னொருவன், மணி அடித்த பிறகு வராந்தாவில் நண்பனுக்குக் கைகளை அகட்டிக் குறுக்கி இதையே விளக்கிக்கொண்டிருந்தான். பேசினால்தான் அவனுக்குப் பிடிபடுகிறது போலும். இத்தனை நாள் கவனிக்காமல் விட்டேனே.

ஜனவரி 12

இன்டர்னல் வினாத்தாள் தயார். மூன்றாம் கேள்வி: படம் வரைக (2 மதிப்பெண்). படம் காட்டுவதை நிறுவுக (3 மதிப்பெண்).