சாரல் காலத்தில் ஏர்பிரஷ்

செங்கோட்டையில் சாரல் தொடங்கினால் காற்றே தண்ணீராகத்தான் வரும். கம்ப்ரெசர் அந்த ஈரத்தையும் சேர்த்து அழுத்த, ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் பேனா மாதிரி கருவி) முனையில் பெயின்ட்டோடு நீர்த்துளி தெறிக்கும். புனலூர் மீட்டர்கேஜ் ரயில் பெட்டியின் சிறு மாடலுக்கு நிறம் அடிப்பவருக்கு அந்த ஒரு துளி போதும், மொத்தமும் போச்சு.

அதனால்தான் கம்ப்ரெசருக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். ஈரம் கிடையாது, சத்தமும் கிடையாது. ராத்திரி பிள்ளைகள் தூங்கும்போதும் வேலை பார்க்கலாம். எனக்கு இதுவே பெரிய சந்தோஷம்.

உள்ளே இருப்பது திரவம். 20 டிகிரியில் அழுத்தம் சுமார் 830 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற அளவு). ஏர்பிரஷுக்கு வேண்டியது 15 முதல் 25 வரைதான். அதனால் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் நல்ல ரெகுலேட்டர் கட்டாயம், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். திரவம் தீரும்வரை அழுத்த மீட்டரின் முள் பெரிதாக இறங்காது. எவ்வளவு மிச்சம் என்று தெரிய தராசில்தான் வைக்க வேண்டும். ஒரு கிலோ சுமார் 540 லிட்டர் வாயுவாக விரியும்.

சிலிண்டரைப் படுக்க வைக்காதீர்கள். திரவம் ரெகுலேட்டருக்குள் போய் உறைந்துவிடும். நிற்கவைத்து, சுவரோடு சங்கிலி போடுங்கள். வெயிலிலும் வேண்டாம்.

முக்கியமாக, இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், வாசனையும் இல்லை. மழை என்று ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காராதீர்கள். தலைவலியோ மூச்சு வாங்கலோ வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

தென்காசி, புளியரை, ஆரியங்காவு பக்கம் யாராவது மாடல் செய்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். என் ரெகுலேட்டரை நேரிலேயே வந்து பார்க்கலாம்.