அக்காவின் கருவாட்டுக் கடைக்கு இணையதளம் போட்டோம்

அக்காவும் மச்சானும் ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் கருவாடு வியாபாரம் செய்கிறார்கள். வடகடல், தென்கடல் இரண்டு பக்கத்து மீனும் வந்து சேரும் ஊர். கடைக்கு முன்பே ஒரு இணையதளம் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் போட்டுக் கொடுத்தது. இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் வருடம் ஒருநாள் சென்னையில் இருந்து வழக்கமாக வாங்குகிறவர் போன் செய்து, "உங்க சைட் திறக்கலையே, கடையை மூடிட்டீங்களா?" என்று கேட்டார்.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. கடைப் பெயரில் இருந்த டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, கடைக்காரர் பெயரில் இல்லை. போட்டுக் கொடுத்தவர் தன் மின்னஞ்சலிலேயே பதிவு செய்திருக்கிறார். அவர் வேலைக்கு வெளிநாடு போய்விட்டார், எண்ணும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் எல்லாம் அவருடைய பெட்டிக்கே போயிருக்கின்றன. கெடு முடிந்து, வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கிவிட்டார்கள். பழைய முகவரியை அச்சடித்த பைகள் கட்டுக்கட்டாக வீட்டில் கிடந்தன. அக்கா உட்கார்ந்து ஒவ்வொரு பையிலும் ஸ்டிக்கர் ஒட்டியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"இந்தத் தடவை நீயே போடு தம்பி. சாவி நம்ம கையில இருக்கணும்" என்றார்.

நான் கணக்கு வேலை பார்ப்பவன். இணையதளம் கட்டிய அனுபவம் கிடையாது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகள் மட்டும் போய் வரும். அக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைப்பது அப்போதுதான். அந்த இரண்டு மாதத்துக்குள் முடிப்பது என்று உட்கார்ந்தோம்.

முதலில் பெயர். கருவாடு என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். அதனால் ஒரு வேலை செய்தோம். நினைத்து வைத்திருந்த மூன்று பெயர்களையும் போனில் சொந்தக்காரர்கள் ஐந்து பேருக்குச் சொல்லி, காதில் கேட்டபடி தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னோம். ஐந்து பேரும் ஒரே மாதிரி எழுதிய பெயரையே எடுத்தோம். அதன் கடைசியில் டாட் இன் (.in) வரும். முதல் வருட விலையை மட்டும் பார்க்காதீர்கள்; இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்பதைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சில இடங்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கணக்கு அக்காவின் மின்னஞ்சலில், அக்காவின் போன் எண்ணில், கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்போடு. கடவுச்சொல் வீட்டுப் பத்திரங்களோடு ஒரு நோட்டில் இருக்கிறது.

அப்புறம், பக்கத்தில் என்ன எழுதுவது? இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது, பிடிக்கவும் வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்கிற மாதிரி பழைய தளத்தில் நிறைய இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, இரண்டு வாரம் கடைக்கு வரும் ஒவ்வொரு போனிலும் என்ன கேட்கிறார்கள் என்று அக்காவிடம் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொன்னேன். உப்பு தூக்கலா? மண் இருக்குமா? தலை எடுத்ததா? கொரியர் பார்சல் வாடை அடிக்குமா? எத்தனை நாள் தாங்கும்? திரும்பத் திரும்ப இவைதான். அக்கா போனில் சொன்ன பதில்களையே அவர் சொன்னபடி எழுதினேன். மணலில் போடாமல் வலைப் பந்தலில் காய வைப்பது, இரட்டைப் பையில் காற்று நீக்கிக் கட்டுவது, வாங்கியதும் ஒருமுறை வெயிலில் வைத்து எடுப்பது எல்லாம் அப்படி வந்தவைதான். எந்தக் கடையும் எழுதிக்கொள்ளக்கூடிய வாசகம் அதில் ஒன்றுகூட இல்லை என்பதில் எனக்குப் பெருமை.

அந்த நோட்டில் இன்னொன்றும் கிடைத்தது. சென்னைக்காரர்கள் வஞ்சிரம் கேட்கிறார்கள், கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன் என்கிறார்கள், நமக்கு அது சீலா. கடையில் உதவிக்கு இருக்கும் பிள்ளை ஒருநாள் போனில் "வஞ்சிரம் இல்லண்ணே" என்று சொன்னதை நானே கேட்டேன். பின்னால் கூடை நிறையச் சீலா இருந்தது! போனில் கேட்பவருக்கே இப்படி என்றால் கூகுளில் தேடுகிறவருக்கு நாம் எப்படித் தென்படுவோம்? அதனால் ஒவ்வொரு மீனுக்கும் ஊர் ஊராக வழங்கும் பெயர்களைச் சேர்த்துப் போட்டோம். குழப்பம் வராமல் இருக்க அறிவியல் பெயரும் உண்டு. சீலாவுக்கு ஸ்காம்பரோமோரஸ் காமர்சன். மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இருக்கிறது.  அவர்களுடைய வெளியீடுகளில் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டேன். ஒரு சாயங்காலம் முழுக்க அக்காவும் மச்சானும் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அது.

பழைய துண்டுப் பிரசுரத்தில் இருந்த சில வரிகளை எடுக்கலாம் என்று அச்சகத்தில் கோப்பு வாங்கினேன். ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. பாமினி எழுத்துருவில் அடித்தது. அது யூனிகோட் இல்லை, அதாவது எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறை இல்லை. மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாக உண்டு. ஆனால் மாற்றிய பிறகு கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று வரிவரியாகப் படிக்க வேண்டும். அடுத்து, பக்கத்தைத் திறந்தால் சில இடங்களில் தமிழ் சிதைந்து தெரிந்தது. பக்கத்தை எழுதிய எச்டிஎம்எல் கோப்பின் தலைப்பகுதியில், எழுத்துகளை எந்தக் குறியீட்டில் படிக்க வேண்டும் என்பதை யுடிஎஃப்-8 (UTF-8) என்று குறிக்கும் ஒரு வரியைப் போட மறந்ததுதான் காரணம். போட்டதும் சரியாயிற்று. தமிழ் எழுத்துரு இப்போதைய போன்களிலேயே இருப்பதால் தனியாக எதையும் ஏற்றவில்லை.

தளம் என்பது மொத்தமே மூன்று பக்கம். தரவுத்தளம் இல்லை, தளம் கட்டப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளும் இல்லை. வேர்ட்பிரஸ் நல்லதுதான், ஆனால் அதையும் அதில் சேர்க்கும் கூடுதல் வசதிகளான செருகுநிரல்களையும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். எங்களுக்கு அது முடியாது.

கோப்புகளை இணையத்தில் எங்கே வைப்பது என்று தேடியபோது முதலில் கண்ணில் பட்டது கிட்ஹப் பேஜஸ் என்ற சேவை. இலவசம், எளிது. ஆனால் விதிகளைப் படித்தால், இணைய வியாபாரம் நடத்துவதற்கான இலவச இடமாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எங்களுடையது கடை. ஏற்கெனவே ஒரு தளத்தை இழந்தவர்கள், விதியை மீறிய இடத்தில் இன்னொன்றைக் கட்ட மனம் வரவில்லை. அதே மாதிரி இன்னொரு சேவையான கிளவுட்ஃப்ளேர் பேஜஸின் இலவசத் திட்டத்துக்குப் போனோம். கோப்புறையை அப்படியே இழுத்துப் போட்டால் ஏறிவிடுகிறது. ஒரு கோப்பு 25 எம்பிக்கு மேல் போகக் கூடாது. எங்கள் தளம் முழுவதுமே அதில் பத்தில் ஒரு பங்கு இல்லை.

டொமைனை அதோடு இணைப்பதில்தான் எனக்குக் கொஞ்சம் திணறல். முன்னால் www போல எதுவும் இல்லாத வெறும் பெயராகவே தளம் திறக்க வேண்டும் என்றால், அந்தப் பெயர் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டும் நேம்சர்வர்களை, டொமைன் வாங்கிய இடத்தில் எடுத்துவிட்டு கிளவுட்ஃப்ளேர் கொடுக்கும் இரண்டைப் போட வேண்டும். போட்டவுடன் மாறாது. எனக்கு மதியம் மாற்றியது ராத்திரிதான் வேலை செய்தது. சிலருக்கு ஒருநாளுக்கு மேலும் ஆகலாம். நான் பொறுமை இல்லாமல் நடுவில் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன், அதனால் இன்னும் குழப்பம்தான் வந்தது. மாற்றிவிட்டு எழுந்து போய்விடுங்கள். முகவரிக்குப் பக்கத்தில் பாதுகாப்பான தளம் என்று பூட்டுக்குறி காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ் தானாகவே வந்துவிடும். அதற்குத் தனியாகப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

படங்கள் போனில் எடுத்தவை. உச்சி வெயிலில் எடுத்தால் உப்பு பளிச்சென்று வெளுத்துத் தெரிகிறது. காலை ஏழு மணிக்குள் ஓலைப்பாயில் பரப்பி எடுத்தவைதான் நன்றாக வந்தன. ஒரு படம் 4 எம்பி இருந்தது. ஸ்க்வூஷ் என்ற இலவசப் பக்கத்தில் அகலத்தைக் குறைத்து வெப்பி (WebP) என்ற சின்ன அளவுப் பட வடிவில் மாற்றியதும் 100 கேபிக்குள் வந்துவிட்டது. பாம்பன் பக்கம் சிக்னல் மெலிந்த இடத்தில் நின்று திறந்து பார்த்தேன். உடனே வந்தது.

பணம் வாங்கும் வசதியைத் தளத்தில் வைக்கவில்லை. கருவாடு விலை வாரத்துக்கு வாரம் மாறும், எடையும் முன்னே பின்னே இருக்கும். ஒவ்வொரு மீனுக்குக் கீழும் ஒரு வாட்ஸ்அப் பொத்தான், அவ்வளவுதான். அந்த இணைப்பில் எண்ணை எழுதும்போது கூட்டல் குறியோ பூஜ்யமோ இல்லாமல், 91 போட்டு அதை ஒட்டிப் பத்து இலக்கம் எழுத வேண்டும். அழுத்தினால் எந்த மீனைக் கேட்கிறார் என்ற செய்தியோடு அக்காவின் போனில் திறக்கும். பக்கத்தின் அடியில் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைப் போட்டோம். அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

தளத்தைப் பற்றிக் கூகுளுக்குத் தெரிவிக்கும் கூகுள் சர்ச் கன்சோலில் பதிவு செய்த பிறகு, கடைப் பெயரைத் தேடினால் வருவதற்குப் பத்து நாள் ஆயிற்று. கோயம்புத்தூரில் இருந்து முதல் புது ஆள் எழுதியது: "நெய்மீன் கருவாடு அரை கிலோ வேணும்." அக்கா எனக்கு அந்தச் செய்தியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

இப்போது சனிக்கிழமை ராத்திரி அக்கா கையிருப்பைக் குரல் பதிவாக அனுப்புவார், நான் பட்டியலை மாற்றி ஏற்றுவேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டதால் எதுவும் காயவில்லை. இந்த வாரப் பட்டியலில் நெத்திலி மட்டும் இருக்கிறது. மற்ற எல்லா மீனுக்கும் கீழே "வெயில் வந்ததும்" என்று போட்டிருக்கிறோம்.