குனிந்து அணைக்கும் உப்புக் குப்பி

ஈவா ஸீசெல் வடிவமைத்த உப்பு, மிளகுத்தூள் குப்பிகளை எப்போது பார்த்தாலும் மனசு இளகிவிடுகிறது. பெரியது லேசாகக் குனிந்து சின்னதைத் தன் வளைவுக்குள் சேர்த்துக்கொள்ளும். ஈவாவும் அவர் மகளும்தான் அது. 1906இல் புடாபெஸ்டில் பிறந்த ஈவா, சோவியத் நாட்டில் பீங்கான் வடிவமைப்பாளராக இருந்தபோது ஸ்டாலினைக் கொல்லச் சதி செய்தார் என்ற பொய்க் குற்றச்சாட்டில் 16 மாதம் சிறையில் கிடந்தார், பெரும்பகுதி தனிமைச் சிறை. அந்த இருட்டைப் பார்த்துவிட்டு வந்த கைக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு மென்மை! அப்புறம் அமெரிக்கா போனார். 1946இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. ஃபின்லாந்து வடிவமைப்பாளர் காய் ஃபிராங்க் நேர் எதிர்: 1953இல் வந்த அவருடைய கில்டா பாத்திரங்களில் வட்டம், சதுரம், செவ்வகம், அவ்வளவுதான். அதுவும் அழகுதான். ஆனால் என் கை முதலில் நீள்வது ஈவாவின் வளைவுகள் பக்கம்தான். நூறு வயது தாண்டியும் அவர் வடிவமைத்துக்கொண்டே இருந்தார்.