ஒன்பதாம் வளைவில் ஒரு நாள்

2022 ஜூலை 14, பிரான்சின் தேசிய நாள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பார்க்க, காலை ஆறு மணிக்கு அடிவார ஊரான லு பூர் துவாசானிலிருந்து மலையேறத் தொடங்கினேன். மேலே, அன்றைய பந்தயம் முடியும் ஆல்ப் துவெஸ் வரை 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள். எண்கள் தலைகீழாக வரும்: அடிவாரத்தில் 21, உச்சிக்குப் பக்கத்தில் 1. ஒவ்வொரு வளைவிலும் இங்கே வென்றவர்களின் பெயர்ப்பலகை. 1952இல் முதலில் வென்ற ஃபாஸ்டோ காப்பியின் பெயரைப் படித்துவிட்டுத்தான் ஏறினேன்.

ஏழாம் வளைவு டச்சு ரசிகர்களுடையது. எங்கு பார்த்தாலும் ஆரஞ்சு நிறமாக இருக்கும். அந்த நெரிசல் வேண்டாமென்று இரண்டு வளைவு கீழேயே, ஒன்பதில் நின்றுவிட்டேன்.

சமவெளியில் நின்றால் டூர் டி பிரான்ஸ் சில நொடிகளில் கடந்துபோய்விடும். மலையில் சராசரி 8 சதவீத ஏற்றம் எல்லோரையும் பிரித்துப்போடும். ஒவ்வொரு முகமாகப் பார்க்கலாம். அதற்காகத்தான் வந்தேன்.

மதியம் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வந்தது. தொப்பிகளையும் சாவிக்கொத்துகளையும் வீசிக்கொண்டே போனார்கள். பிறகு வெயிலில் நீண்ட காத்திருப்பு. பக்கத்தில் இருந்தவரின் கைபேசியில், கலிபியே கணவாயிலிருந்து பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் இறங்கும் வேகத்தைப் பார்த்து எல்லோரும் மூச்சடக்கினோம்.

முதலில் ஹெலிகாப்டர் சத்தம். கீழ் வளைவுகளிலிருந்து கூச்சல் படிப்படியாக மேலே ஏறி வந்தது. பிட்காக் தனியாக வந்தார். 22 வயது, வாய் திறந்திருந்தது, கண்கள் சாலையை விட்டு அகலவில்லை. பின்னால் மெயின்ட்ஜஸ், கிறிஸ் ஃப்ரூம். ஃப்ரூம் நான்கு முறை டூரை வென்றவர், 2019இல் பயங்கரமாக விழுந்து எலும்புகள் நொறுங்கியவர். அவர் கடந்தபோது என் தொண்டை அடைத்தது. அன்று மூன்றாவதாக வந்தார்.

சில நிமிடங்களில், மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியில் விங்கேகார், அவரை விடாமல் போட்டியாளர் போகச்சர். சாலை ஒரு ஆள் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. கூடவே ஓடுபவர்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. 1999இல் இதே ஏற்றத்தில், படமெடுக்கக் குறுக்கே வந்த ரசிகர் மோதி இத்தாலிய வீரர் குவெரினி கீழே விழுந்தார்; எழுந்து வென்றது அவருடைய மனத்திடம். நான் கைபேசியைப் பையிலேயே வைத்திருந்தேன்.

மஞ்சள் ஜெர்சி போனதும் பலர் இறங்கத் தொடங்கினார்கள். தயவுசெய்து நில்லுங்கள் என்று அவர்களிடம் சொல்லத் தோன்றியது. அரை மணி நேரத்துக்கும் பிறகு வந்தது கடைசிக் கூட்டம்: சமவெளியில் வேகமாகப் பாய்ந்தாலும் மலையில் திணறுபவர்கள், நாள் முழுக்க அணித் தலைவருக்குத் தண்ணீர் சுமந்தவர்கள். நேர வரம்பைத் தாண்டினால் மறுநாள் பந்தயமில்லை. ஒருவரை ஒருவர் விடாமல் சேர்ந்தே ஏறுகிறார்கள். வியர்வை உப்பாக ஜெர்சியில் படிந்திருந்தது. ஒருவர் சக்கரம் நேராக ஓடாமல் தள்ளாடினார். கை வலிக்கும்வரை தட்டினேன். அவர் தலையை நிமிர்த்தாமல், கைப்பிடியிலிருந்து இரண்டு விரலை மட்டும் உயர்த்தினார்.

பின்னாலேயே, கைவிட்டவர்களை ஏற்றிச்செல்லும் துடைப்ப வண்டி மெதுவாக வந்தது.