தையல் மிஷின் மேல் ஒரு ஆபீஸ்

மார்ச் 26, 2020, வியாழன்

பாம்பன் வந்து சேர்ந்தாச்சு. திங்கள் ராத்திரி கோயம்பேட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் இனி சமூக இடைவெளி பற்றி வகுப்பெடுக்க மாட்டார்கள். ஆபீஸில் கொடுத்த சிபியுவைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மானிட்டரைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு விடிய விடிய வந்தேன். பக்கத்து சீட்டு அக்கா கைக்குழந்தை என்று நினைத்து மெதுவாக எட்டிப் பார்த்தார். 24-ம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு 144 என்று சொல்லியிருந்தார்கள், காலையிலேயே பாலம் தாண்டிவிட்டேன்.

வீட்டில் மேஜை என்று ஒன்று கிடையாது. அம்மாவின் தையல் மிஷின்தான் இப்போது ஆபீஸ். மிஷினை உள்ளே மடக்கிவிட்டால் மேலே மானிட்டர் சரியாக உட்காருகிறது, கால் மிதி மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போன் சிக்னல் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால்தான் வருகிறது, நெட்டுக்கு அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

தம்பிக்கு நாளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்கியிருக்க வேண்டும். தள்ளி வைத்துவிட்டார்கள். பயலுக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

மார்ச் 31

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அப்பத்தாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் ஊரடங்கே முடிந்துவிடும் போலிருக்கிறது. மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் ஒருத்தர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் டாக்டர் எழுதுகிற குறிப்பு நமக்கு வரும், அதைச் சார்ட் என்போம். அதைப் படித்து என்ன நோய், என்ன வைத்தியம் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய கோடு, அதாவது குறியீட்டு எண், போட வேண்டும். அந்தக் கோடு போனால்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். "அப்போ நீ டாக்டரா?" இல்லை அப்பத்தா. "நர்சா?" இல்லை. "பின்ன எதுக்கு அவுக நோவெல்லாம் உனக்குத் தெரியணும்?" நியாயமான கேள்விதான்.

நாளையிலிருந்து கொரோனாவுக்கென்றே தனிக் கோடு அமலுக்கு வருகிறது, யு07.1. இதுவரை பி97.29 என்று பழைய கொரோனா குடும்பத்துக் கோட்டை ஒட்டவைத்துக்கொண்டிருந்தோம். விதி கறாரானது: டாக்டர் உறுதி என்று எழுதியிருந்தால்தான் யு07.1 போடலாம். சந்தேகம், இருக்கலாம், வாய்ப்பு உண்டு என்றெல்லாம் எழுதியிருந்தால் கூடாது. இருமலுக்கு இருமல் கோடு, காய்ச்சலுக்குக் காய்ச்சல் கோடு, அவ்வளவுதான். எங்கள் தெருவிலோ தும்மினாலே உறுதி. சென்னையிலிருந்து வந்தவள் என்று எதிர்வீட்டில் தண்ணீர்க் குடத்தை என் வாசல் பக்கம் கொண்டுவராமல் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

ஏப்ரல் 3

ரேஷன் கடையில் டோக்கனுக்கு 1000 ரூபாயும் இந்த மாத அரிசி, பருப்பு, சீனி, எண்ணெயும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அம்மாவோடு நானும் போனேன். சுண்ணாம்பு வட்டத்துக்குள் நிற்கச் சொன்னார்கள், வெயிலில் யார் நிற்பது, எல்லாரும் வட்டத்தில் பையை வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் ஒன்றாகக் கூடிவிட்டார்கள்.

கடை வாசலில் ஒரு பையன் எல்லார் கையிலும் சானிடைசர் ஊற்றினான். அம்மா கையை நீட்டினவுடனே "ஆத்தாடி" என்று உதறிவிட்டார். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றுகிற நாட்களில் தீவுகளைச் சுற்றிப் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியை முங்கிப் பிய்த்து எடுக்க வேண்டும். விரல் நுனிகளில் துணிக்கிழிசல் சுற்றிக்கொண்டுதான் போவார்கள், இருந்தாலும் பாறை கிழிக்கும், உப்புத்தண்ணீர் ஆறவிடாது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கறுத்த கீறல்களாக நிரந்தரமாக இருக்கும், நகத்தின் ஓரம் எப்போதும் பிளந்திருக்கும். அந்தப் பிளவுக்குள் சாராயம் இறங்கினால்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பையன், "எரிஞ்சா நல்லது சாச்சி, கிருமி சாகுது" என்றான். அம்மா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஏப்ரல் 5, குருத்து ஞாயிறு

கோவில் பூட்டு. நாங்களே பனங்குருத்தில் சிலுவை முடைந்து வாசலில் செருகினோம், பூசை டிவியில். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கேற்றச் சொல்லியிருந்தார்கள். தெருவில் பாதிப் பேர் ஏற்றினார்கள், அப்பா வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்தவர், லைட்டை அணைத்ததும் "ஒம்பது நிமிசத்துக்கு நான் என்னத்தப் பாத்துப் பொத்த?" என்று கத்தினார்.

ஏப்ரல் 9

இன்று அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. டீம் மீட்டிங்கில் இருக்கும்போது, "சும்மாதானே உக்காந்திருக்க, அந்தக் கொழம்பைக் கொஞ்சம் கிண்டிவிடு" என்று குரல். அந்தப் பக்கம் பதினைந்து பேர் கேட்டார்கள். டீம் லீடர் "என்ன கொழம்பு?" என்றார். சூடை மீன் கருவாட்டுக் குழம்பு என்று சொல்லித் தொலைத்தேன்.

கோபம் குழம்பைப் பற்றியது இல்லை. காலை ஆறரைக்கு லாகின் பண்ணி, 95 சதவீதத் துல்லியத்துக்குக் கீழே போனால் ஆடிட்டர் மெயில் அனுப்புவாரே என்று ஒவ்வொரு சார்ட்டையும் கண் பிதுங்கப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அது "சும்மா உட்கார்ந்திருப்பது." தம்பி காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கல்வித் தொலைக்காட்சி பார்த்தால் அது மட்டும் "புள்ள படிக்குது." சரி, இதை அம்மாவிடம் சொன்னேன். "நானுந்தான் கடல்ல முங்கி எந்திரிச்சு வாரேன், உங்கப்பா அதை வேலைன்னு என்னைக்குச் சொல்லிருக்காரு?" என்றார். அதோடு சண்டை திசை மாறி அப்பா பக்கம் போய்விட்டது. நான் நைசாக சார்ட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 11

மீன்பிடிக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு கொடுத்து உத்தரவு போட்டிருக்கிறார்களாம். இன்னும் நாலு நாளில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 17

அப்பாவுடையது நாட்டுப்படகு, தடைக்காலம் அதற்குக் கிடையாது. நேற்று ராத்திரி நண்டு வலை போட்டுவிட்டுக் காலையில் வந்தார். நல்ல பாடு, வலை நிறைய. நீலக்கால் நண்டு, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மற்ற வருஷமாக இருந்தால் கரையிலேயே கம்பெனி வண்டி நிற்கும், சதை எடுத்துப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். இப்போது கப்பலும் இல்லை, விமானமும் இல்லை, ஐஸும் சரியாகக் கிடைக்கவில்லை. கேரளாவுக்கு மீன் ஏற்றுகிற வண்டிகளும் வரவில்லை. வியாபாரி போனில் சொன்ன விலை வழக்கத்தில் பாதிகூட இல்லை. அப்பா ஒன்றும் பேசாமல் கூடையை வீட்டுக்குக் கொண்டுவந்து திண்ணையில் கொட்டினார். தெரு முழுக்க இன்றைக்கு நண்டு ரசம். சென்னையிலிருந்து வந்தவள் வீடு என்று சுற்றிப் போன எதிர்வீட்டுக்காரர்கள் சட்டியோடு வந்து நின்றார்கள், நான்தான் அள்ளிக் கொடுத்தேன்.

வலையிலிருந்து நண்டைக் கழற்றும்போது அப்பா கையில் ஒரு திருக்கைக் குட்டியும் இருந்தது. வாலில் முள் இருக்கிறதா என்று அப்பத்தா கேட்டார். எனக்கு அனிச்சையாக வாயில் வந்தது: டி63.51. திருக்கை முள் குத்தினால் போடுகிற கோடு, நிஜமாகவே இருக்கிறது. அப்பா ஆர்வமாக, "கெளுத்தி முள்ளுக்கு?" என்றார். மீன் விஷத்துக்குப் பொதுவாக ஒரு கோடு இருக்கிறது, அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். என் வேலையை அவர் முதல்முறையாக மதித்த நாள் இது.

ஏப்ரல் 28

பக்கத்து வீட்டு சாச்சி தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார். பள்ளிவாசலில் காய்ச்சி ஊற்றுவது இந்த வருஷம் இல்லை, அவரவர் வீட்டில்தான். பள்ளிவாசல் கஞ்சியைவிட இதில் பூண்டு அதிகம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, சொன்னால் தம்பி அடிப்பான்.

வேலையில் ஒரு விசித்திரம். உலகமே நோயில் கிடக்கிறது, மெடிக்கல் கோடிங்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சார்ட் வரத்து இறங்கிக்கொண்டே போகிறது. கொரோனா பயத்தில் நெஞ்சுவலி வந்தவன்கூட வீட்டிலேயே இருக்கிறான். தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகளை எல்லாம் ஆஸ்பத்திரிகளே தள்ளிப்போட்டுவிட்டன. வருகிற சார்ட்டுகள் மட்டும் கனமானவை. யு07.1 முதலில், அடுத்து ஜே12.89, வைரஸ் நிமோனியா. வயது, மூச்சுத்திணறல், குழாய் போட்டது, கடைசியில் ஒரு நேரம். அந்த நேரத்துக்குக் கோடு கிடையாது, படித்துவிட்டு அடுத்த சார்ட்டைத் திறக்க வேண்டியதுதான்.

அப்பாவிடம் சொன்னேன். "நோயும் இருக்கு, நோயாளியும் இருக்கான், ஆஸ்பத்திரிக்குத்தான் வரமாட்டேங்கிறானா? நம்ம கதைதான்த்தா. கடல்ல நண்டு கெடக்கு, எடுக்கத்தான் ஆளில்ல" என்றார்.

மே 9

இந்த மாதத்திலிருந்து சம்பளம் குறைவு. மெயிலில் "தற்காலிகமாக" என்று மூன்று இடத்தில் போட்டிருக்கிறார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. 7-ம் தேதி டாஸ்மாக் திறந்து நேற்றைக்குக் கோர்ட் மூடச் சொல்லிவிட்டது, அந்தப் பரபரப்பில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மே 18

வங்காள விரிகுடாவில் ஆம்பன். புயல் நம்மை விட்டு விலகி வடக்கே போகிறது, ஆனாலும் காற்று பிய்க்கிறது. அப்பாவும் சித்தப்பாக்களும் வள்ளத்தை மேலே இழுத்துப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் கரையிலேயே இருந்தார்கள். அப்பத்தா தூங்கவில்லை, காற்று என்றாலே அவருக்கு 64 டிசம்பர்தான். தனுஷ்கோடியில் கட்டிக்கொடுத்திருந்த தங்கச்சியை அந்தப் புயலில் கொடுத்தவர்.

கரண்ட் போய்ப் போய் வந்தது. ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கிற விபிஎன் விழுந்துவிட்டது, பத்து சார்ட் பாதியில் நிற்கிறது. டீம் லீடருக்கு போன் போட்டால், "வேற இடத்துக்குப் போய் லாகின் பண்ண முடியாதா?" என்கிறார். நாலு பக்கமும் கடல் என்று சொன்னேன். அவர் தப்பாகக் கேட்கவில்லை, அண்ணா நகர் பிளாட்டில் இருப்பவருக்கு 'வேற இடம்' எப்போதும் இருக்கும்.

ஜூன் 7

அம்மா பாசிக்குப் போய்விட்டு வந்தார். தடைக்காலத்தோடு சேர்த்து இவர்களும் தாங்களாகவே பாசி எடுக்காமல் விடுவார்கள், அது வளர வேண்டும் என்று. இந்த வருஷம் 61 நாள் தடையை 47 நாளாகக் குறைத்து மே 31-டன் முடித்துவிட்டார்கள். பௌர்ணமித் தண்ணீர் நன்றாக வற்றியிருந்ததாம். வள்ளத்தில் ஏறும்போது எல்லாருக்கும் மாஸ்க், தண்ணீரில் இறங்கினதும் மாஸ்க்கைக் கழற்றிக் கண்ணாடியை மாட்டிக்கொள்வது. தீவில் கால் வைக்கக் கூடாது, வனத்துறை பிடிக்கும், எல்லாம் இடுப்பளவு தண்ணீரிலும் முங்கியும்தான்.

கையில் எண்ணெய் தடவிவிட்டபோது சம்பளக் குறைப்பைச் சொன்னேன். "எவ்வளவு?" என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "மிஷினைத் திருப்பிக் குடுத்தா நான் மாஸ்க் தைப்பேன்ல" என்றார். அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு வந்தது: மூன்றரைக்கு நான் லாகவுட், நாலு மணியிலிருந்து மிஷின் அம்மாவுக்கு. மானிட்டரைத் தூக்கிக் கட்டிலில் வைப்பது தம்பி வேலை.

ஜூன் 9

பத்தாம் வகுப்புப் பரீட்சை ரத்து. எல்லாரும் பாஸ். ஜூன் 1 என்றார்கள், 15 என்றார்கள், கடைசியில் இல்லவே இல்லை. மார்க்கில் 80 சதவீதம் காலாண்டு, அரையாண்டில் வாங்கினதை வைத்து, 20 வருகைப் பதிவுக்கு. தம்பி முகம் செத்துவிட்டது. அரையாண்டில் அவன் வாங்கின கணக்கு மார்க் எனக்கு மட்டும்தான் தெரியும். கையெழுத்துப் போட்டது நான்.

இதே வாரத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு ஒன்றை ஆபீஸில் சுற்றுக்கு விட்டார்கள். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை அங்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் 2019-ஐவிட 42 சதவீதம் குறைவாம். எங்கள் சம்பளம் எங்கே போனது என்று தெரிந்தது, அவ்வளவுதான் ஆறுதல்.

ஜூலை 2

பெரியப்பா மகன் ஈரானிலிருந்து வந்துவிட்டான். மீன்பிடி வேலைக்குப் போய் மாதக்கணக்காக மாட்டிக்கொண்டிருந்தவன். கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் ஜலாஷ்வா நேற்று தூத்துக்குடியில் 687 பேரை இறக்கியது, அதில் ஒருத்தன். இன்னும் வீட்டுக்கு விடவில்லை, போனில்தான் பேசினான். பெரியம்மா பேச முடியாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா எடுத்தவுடனே, "மாஸ்க் போட்டிருக்கியாடா? எத்தனை வச்சிருக்க? நான் தச்சது இருவது இருக்கு, குடுத்து விடவா?" என்று வியாபாரத்தில் இறங்கிவிட்டார். காசு வாங்க மாட்டார் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது.

சார்ட் மறுபடியும் ஏறத் தொடங்கியிருக்கிறது. நாளைக்கு ஆறு மணிக்கே லாகின் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கோ ஒரு நர்சரி பள்ளிக்கூட ஆர்டர், காலையிலும் மிஷின் வேண்டுமாம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது, அப்பா அம்மா பக்கம்.